நூற்றுக்கு அறுபது

லிப்பி ஸ்காலாவை அடக்கம் செய்த அன்று நல்ல மழை. கல்லறையிலிருந்து எல்லோரும் நேராகப் பழைய பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்குக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். பன்றி இறைச்சி சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், தட்டில் நடுங்கிக்கொண்டே இருக்கும் பச்சை ஜெல்லி, பாப்பி விதை வைத்துச் சுட்ட கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி. "இவ்வளவு மழையிலயும் ஒரு சொட்டு ஒழுகலை பாரு" என்று மேலே காட்டிப் பேசிக்கொண்டார்கள். லிப்பி இந்த ஊருக்காக எவ்வளவு பாடுபட்டாள் என்றும் பேசிக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே வாயால், நடுவில் ஒரு மடக்குக் காபி மட்டும் குடித்துவிட்டுப் பேச ஹோலுப் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அயோவா மாநிலத்துச் சோளக்காட்டுக்கு நடுவே ஒரே ஒரு தெரு. தெருவின் ஒரு முனையில் தானியக் கிடங்கு, மறு முனையில் பள்ளிக்கூடம், இடையில் ஒரு தேவாலயமும் இரண்டு மதுக்கடைகளும். அந்த மதுக்கடைகளின் கூரை ஒருநாளும் ஒழுகியதில்லை.

லிப்பி பிறந்தது ஊருக்கு வெளியே, வோண்ட்ராசெக் பண்ணையில். அப்பாவுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் லூமிர், இளையவள் லிப்பி. நிலம் முழுவதும் லூமிருக்குப் போனது. லிப்பிக்கு ஒரு தையல் இயந்திரமும், சீடர் ராபிட்ஸ் நகரில் முடி அலங்காரம் படிக்கப் போகும் பஸ் கட்டணமும் கிடைத்தன. இதில் அநியாயம் இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நிலம் பிள்ளைக்கு, வழிச்செலவு பெண்ணுக்கு. அந்த வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் பாகம் பிரித்தது அப்படித்தான். படிப்பு முடிந்து திரும்பி வந்த லிப்பி, பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ஒரு பார்லர் திறந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டிய லியோ ஸ்காலாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். லியோ அதிகம் பேசாத மனிதன். பிள்ளைகள் பிறக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியதும் ஒரு காலை, பேருந்தைக் கொட்டகையிலிருந்து எடுக்கப் போனவன் ஸ்டீயரிங் மேல் தலை சாய்ந்துவிட்டான். அன்று மட்டும் பிள்ளைகள் தாமதமாகப் பள்ளிக்கூடம் போனார்கள்.

அதற்குப் பிறகு லிப்பியின் நாள் முழுவதும் பார்லரின் ஜன்னலோடு கழிந்தது. ஒருத்தியின் தலையில் சுருள் போட்டுக்கொண்டே அவள் எதிரே பார்ப்பாள். காலையில் பிள்ளைகள் இறங்குவார்கள். மாலையில் ஏறுவார்கள். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதல் முடி வெட்டியவள் அவள்தான். யார் அசையாமல் உட்காருவான், யார் அழுவான், யாருக்கு உச்சியில் இரண்டு சுழி என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இருந்தவரை அந்தத் தெருவில் ஏதோ ஒன்று தொடங்கிக்கொண்டே இருந்தது. மற்றதெல்லாம் முடிந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகத் தொடங்கிப் பல வருஷமாகியிருந்தது. மாடி வகுப்புகளில் வாளி வைத்துப் பாடம் நடந்தது. அடித்தளத்தில் இருந்த மழலை வகுப்பின் சுவரில் கறுப்புப் பூஞ்சை பிடித்து, பிள்ளைகள் குளிர்காலம் முழுவதும் இருமினார்கள். கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் எந்த நாள் எரியும், எந்த நாள் எரியாது என்று அதற்கே தெரியாது. கடைசியில் மாநிலத்துத் தீயணைப்பு ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, பாய்லரை மாற்றுங்கள், கூரையைப் போடுங்கள், மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டுங்கள், இல்லையென்றால் இரண்டு வருஷத்தில் கட்டடத்தை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினால் பிள்ளைகளை டன்மோருக்குப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். டன்மோர் பக்கத்து ஊர். ஹோலுப்காரர்கள் மூன்று தலைமுறையாகக் கூடைப்பந்தில் தோற்றுப்போய்த் திட்டிக்கொண்டிருக்கும் ஊர்.

பள்ளிக்கூடத்துக்குக் கையில் பணம் கிடையாது. பள்ளி வாரியம் கடன் பத்திரம் போட்டுத்தான் பணம் திரட்ட வேண்டும். பத்திரத்தை எங்கேயோ இருக்கிற பணக்காரர்கள் வாங்குவார்கள். ஊர் இருபது வருஷம் சொத்து வரியிலிருந்து அசலையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கும். அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்றால் பாதிக்கு மேல் என்று வெளியூர்க்காரன் நினைப்பான். அயோவாவில் அப்படி இல்லை. நூற்றுக்கு அறுபது பேர் 'சரி' என்று ஓட்டுப் போட வேண்டும். ஐம்பத்தொன்பது பேர் கூரை வேண்டும் என்று சொல்லி, நாற்பத்தொரு பேர் வேண்டாம் என்றால் கூரை கிடையாது.

'சரி' குழுவுக்கு லிப்பி தலைவி ஆனாள். வேறு யாரும் கை தூக்கவில்லை. கூடவே நின்றவள் டோர்லா பெனெஷ் ஒருத்திதான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், லிப்பியின் பள்ளித் தோழி.

எதிர்க் குழுவுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. காலையில் தானியக் கிடங்கின் மூலையில் ஒரு மேசையைச் சுற்றி நிலக்காரர்கள் உட்கார்ந்து, காபிக்கு யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டுவார்கள். ஊரின் அபிப்பிராயம் அந்த மேசையில் தயாராகும். மேசையின் தலைப்பக்கத்தில் உட்காருபவன் லூமிர் வோண்ட்ராசெக். அவனைவிட அதிக நிலம் அந்த மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே வரியும் அவனுக்குத்தான் அதிகம். அதைச் சொல்லிச் சொல்லியே அவன் தன்னை ஒரு தியாகி என்று நம்பிவிட்டான்.

"நாங்களும் அந்தக் கட்டடத்துலதானே படிச்சோம். செத்தா போயிட்டோம்?" என்பான்.

"நீ படிச்சேன்னு யாரு சொன்னது?" என்று லிப்பி ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மேசை முழுவதும் சிரித்தது. சிரித்துவிட்டு, முதல் தேர்தலில் அத்தனை பேரும் 'வேண்டாம்' என்று போட்டார்கள்.

நூற்றுக்கு ஐம்பத்தேழு. தோல்வி.

தோற்றதற்குக் காரணம் பத்திரத்தில் சேர்த்திருந்த புதிய கூடைப்பந்து அரங்கு என்று ஊர் சொன்னது. அரங்கு ஆடம்பரமாம். ஆறு மாதம் பொறுத்து, அரங்கை எடுத்துவிட்டு, வெறும் கூரை, பாய்லர், படிக்கட்டு மட்டும் வைத்து வாரியம் இரண்டாவது முறை கேட்டது. இந்த முறை கூடைப்பந்து ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அரங்கு இல்லாத பத்திரத்துக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்றார்கள். நெருப்புப் பிடித்தால் பிள்ளைகள் இறங்குவதற்கான படிக்கட்டை விட, வெள்ளிக்கிழமை மாலை பந்து போடுவதற்கான புதுத் தரை அவர்களுக்கு முக்கியம். அதையும் வெட்கமில்லாமல் லிப்பியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்கள். கையில் கத்தரி வைத்திருக்கிறவளிடம் இப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும். இல்லையென்றால் மூளை குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தேர்தலிலும் தோல்வி. ஆய்வாளர் கொடுத்த கெடுவில் இன்னும் ஒரே ஒரு தேர்தலுக்குத்தான் இடம் இருந்தது.

அந்த யோசனை லிப்பிக்கு வந்தது அக்டோபரில், டோர்லாவின் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது. பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேல் ஹ்யூபர், பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, குழுவின் அடுத்த கூட்டத்தைப் பற்றிக் கேட்க வந்திருந்தார். நல்ல மனிதர். பேசும்போது எதிரே இருப்பவரின் காலணியைப் பார்ப்பார்.

"பிப்ரவரியில வைங்க" என்றாள் லிப்பி.

"பிப்ரவரியிலா? பனியில யாரு வருவா?"

"வர வேண்டியவங்க வருவாங்க. பிள்ளைங்களைப் பெத்தவங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க. 'வேண்டாம்' கூட்டம் எங்க இருக்கும் பிப்ரவரியில?"

டோர்லா சாயத் தலையோடு திரும்பினாள். "அடியே! அரிசோனாவுல!"

"அரிசோனாவுல. அரை டவுசர் போட்டுக்கிட்டு, தொப்பையை வெயில்ல காயப் போட்டுக்கிட்டு."

அது உண்மை. ஹோலுப்பில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிற கிழவர்கள் எல்லோரும் நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்து முடிந்ததும் படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடுவார்கள். மேசா நகரத்தில் ஒரே வண்டித் தோப்பில் வரிசையாக நிறுத்துவார்கள். வருஷம் முழுவதும் ஊரில் பார்த்துச் சலித்த அதே முகங்களை அங்கேயும் பார்த்துக்கொண்டு, அதே சீட்டாட்டத்தை வெயிலில் உட்கார்ந்து ஆடுவார்கள்.

ஹ்யூபர் யோசித்தார். "இது கொஞ்சம் நியாயமில்லாத மாதிரி..."

"நியாயமா? நாற்பத்திமூணு பேரு ஐம்பத்தேழு பேரை ஜெயிக்கிறது நியாயமா டேல்? சட்டம் பிப்ரவரியில வைக்கக் கூடாதுன்னு சொல்லுதா?"

"இல்ல."

"அப்ப வைங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. பேப்பர்ல அறிவிப்பு வரும்போது வரட்டும். நம்ம ஊர் வாரப் பேப்பர் மேசாவுக்குத் தபால்ல போய்ச் சேர ஒன்றரை வாரம் ஆகும். அதுக்கு மேல தபால் ஓட்டு கேட்டு எழுதி, அது வந்து, அதைத் திருப்பி அனுப்பி... அந்தச் சோம்பேறிங்களால முடியாது."

கெட்டிக்காரத்தனமான திட்டம். லிப்பி இதை மட்டும் மனதுக்குள் வைத்திருந்தால் போதும்.

நன்றி நாள் விருந்து லூமிர் வீட்டில். வான்கோழி, மாவு உருண்டை, புளித்த கோஸ். மேசையில் லூமிர், அவன் மனைவி ஆர்வில்லா, லிப்பி மூன்று பேர்தான். லூமிரின் பிள்ளைகள் நகரத்தில் இருந்தார்கள். தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"உனக்குப் புள்ளையும் இல்ல குட்டியும் இல்ல" என்றான் லூமிர், வான்கோழியின் காலை அறுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டே. "அந்த ஓட்டைக் கட்டடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்குற லிப்பி?"

"புள்ளை பெத்தவன் நீ என்னத்தைக் கிழிச்சே?"

"என் பேரப் பசங்க படிக்கிற பள்ளிக்கூடத்தைப் போய்ப் பாரு. நீச்சல் குளம் இருக்கு உள்ள."

"அது எப்படி வந்துச்சு? வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"அந்த ஊர்க்காரன் ஓட்டுப் போட்டான். அவன் பணம், அவன் இஷ்டம்."

ஆர்வில்லாவுக்குச் சண்டை பிடிக்காது. பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இவரு பணத்தை எல்லாம் எவ்வளவு புத்திசாலித்தனமா போட்டிருக்காரு தெரியுமா லிப்பி? சோயா வித்த காசு பூரா டன்மோர் பள்ளிக்கூடப் பத்திரத்துல. வட்டிக்கு வருமான வரியே கிடையாதாம்!"

லிப்பி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தப் பள்ளிக்கூடம்?"

"டன்மோர்" என்றான் லூமிர். கொஞ்சமும் கூசவில்லை. "போன வருஷம் புதுக் கட்டடம் கட்டினாங்கல்ல. நல்ல பத்திரம். பள்ளிக்கூடப் பத்திரம் மாதிரி பத்திரமான எடம் கிடையாது. ஊரே வரி கட்டி வட்டியைக் கொண்டாந்து கையில கொடுக்கும். அவங்களுக்கு வேற வழி கிடையாது."

"டன்மோர் புள்ளைங்களுக்குக் கூரை போட நீ கடன் கொடுத்திருக்கே."

"கொடுத்திருக்கேன்."

"நம்ம புள்ளைங்களுக்குக் கூரை போட ஓட்டுப் போட மாட்டே."

லூமிர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். கணக்குத் தெரியாத பெண்ணிடம் பேசுகிற பார்வை. "அது முதலீடு லிப்பி. இது வரி."

அப்போதுதான் அவள் வாய் அவளை விட்டுப் போய்விட்டது. "நல்லது. பிப்ரவரியில நீ மேசாவுல குளத்துல கால் நனைச்சுக்கிட்டு முதலீட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இரு. நாங்க இங்க கூரை போட்டுக்கறோம்."

லூமிர் மெல்லுவதை நிறுத்தினான். "பிப்ரவரியிலயா?"

லிப்பி முள்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஆர்வில்லா பூசணி இனிப்பு அப்பத்தை எடுத்து வந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் லிப்பி காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கைக் கையால் ஓங்கி அடித்தாள். ஹாரன் அலறியது. அறுவடை முடிந்த வெற்றுக்காட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை.

சோம்பேறிகள் என்று அவள் நினைத்தது தப்பு. மாட்டுக்குத் தீனி வைக்க எழுந்திருக்கச் சோம்பல் படுவார்கள்; தேவாலயத்துக்குப் போகச் சோம்பல் படுவார்கள்; மற்றவன் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காமல் செய்ய வேண்டும் என்றால் ஆயிரத்து ஐந்நூறு மைல் தூரத்திலிருந்தும் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். லூமிர் தெற்கே கிளம்பும் முன்பே காபி மேசையில் சொல்லிவிட்டான். மாவட்ட அலுவலகத்துக்குத் தபால் ஓட்டு கேட்டு விண்ணப்பங்கள் கட்டாகப் போயின. ஜனவரி கடைசியில் மேசாவில் வருஷா வருஷம் நடக்கும் ஹோலுப் ஊர்க்காரர்களின் வனபோஜனம். ஆரஞ்சு மரத்தடியில் நீள மேசை போட்டு, ஒருவர் அக்கார்டியன் வாசிக்க, தொத்திறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, தாங்கள் மிதித்து நாற்பது வருஷமாகிவிட்ட ஒரு கட்டடத்துக்கு 'வேண்டாம்' என்று குறித்து உறையை ஒட்டினார்கள். இதை ஆர்வில்லாவே ஊர் திரும்பிய பிறகு சொன்னாள். நல்ல நாளாக இருந்ததாம். வெயில் இதமாக இருந்ததாம்.

ஆனாலும் லிப்பி விடவில்லை. தபால் ஓட்டு எத்தனை போனாலும், ஊரில் இருக்கிற பெற்றோர்கள் அத்தனை பேரும் வந்து போட்டால் அறுபதைத் தாண்டிவிடும் என்று அவளும் டோர்லாவும் பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்கள். ஜனவரி முழுவதும் பண்ணை பண்ணையாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். போன இடமெல்லாம் கொலாச்சியும் காபியும் கொடுத்தார்கள். "கட்டாயம் வரோம் லிப்பி" என்றார்கள்.

தேர்தலுக்கு முந்தின மாலை பனிப்புயல் தொடங்கியது. காலையில் ஊர் வெள்ளையாகிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்று வானொலியில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை மூடாமல் இருப்பதற்கான தேர்தல், பள்ளிக்கூடம் மூடியிருந்த நாளில் நடந்தது. ஓட்டுச்சாவடி தீயணைப்பு நிலையத்தில். மதியம் வரை வந்தவர்கள் பெரும்பாலும் ஊருக்குள் நடந்து வரக்கூடியவர்கள். லிப்பி பார்லரைப் பூட்டிவிட்டு, லியோவின் பழைய மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போன் செய்தாள். பாதையைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம், டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, பிள்ளைகளை யாரிடம் விடுவது, மாலைக்குள் பார்க்கலாம் என்று பதில்கள் வந்தன.

மாலையில் காற்று நின்றது. சாவடி மூட இன்னும் நேரம் இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இருந்த மதுக்கடையின் வாசலில் நான்கைந்து பனி ஸ்கூட்டர்கள் நிற்பதை லிப்பி பார்த்தாள். உள்ளே போனாள். கதவைத் திறந்ததும் சூடும் பியர் நாற்றமும் முகத்தில் அடித்தன. ராண்டல் ஸ்லாமாவும் அவன் கூட்டாளிகளும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இளம் தகப்பன்கள். எல்லோர் தலையையும் லிப்பிக்குத் தெரியும். ராண்டலின் பெண் அந்த மழலை வகுப்பில்தான் இருமிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுப் போட்டாச்சா ராண்டல்?"

"ரோடு ரொம்ப மோசம் லிப்பி."

"மோசமான ரோட்டுல நீ எப்படி இங்க வந்தே?"

"வயல் வழியா. ஸ்கூட்டர்ல."

"சாவடி எதிர்லயே இருக்கு. வயல் வழியா வேண்டாம், தெருவைத் தாண்டினா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். "ஏய் ராண்டல், லிப்பி கூப்பிடுறா, போடா" என்று ஒருவன் முதுகில் தட்டினான்.

"போறேன் லிப்பி. இந்தக் கிளாஸை முடிச்சுட்டுப் போறேன். இவனுங்க எல்லாரையும் இழுத்துட்டு வரேன், சத்தியமா. நீ போ, குளிர்ல நிக்காத."

"கையோட வாடா. கோட்டைப் போடு."

"அட, எங்க பள்ளிக்கூடம்தானே. எங்களுக்குத் தெரியாதா? எப்படியும் பாஸாயிடும், அரிசோனாக்காரனுங்கதான் இல்லையே."

அவள் வெளியே வந்து தீயணைப்பு நிலைய வாசலில் நின்றாள். டோர்லாவும் பக்கத்தில் வந்து நின்றாள். மதுக்கடை ஜன்னலில் நியான் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ பாட்டுப் போட்டார்கள். சாவடிக்காரர் வந்து கதவைச் சாத்தும் வரை தெருவை யாரும் தாண்டவில்லை.

எண்ணிப் பார்த்தபோது நான்கு ஓட்டு குறைந்தது. ஐம்பத்தொன்பதும் கொஞ்சமும். மதுக்கடையில் அந்த நேரம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று லிப்பி எண்ணிப் பார்க்கவில்லை. டோர்லா எண்ணினாள். ஆறு பேர்.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடம் மூடியது. ஹோலுப் பள்ளி மாவட்டத்தை டன்மோரோடு இணைத்தார்கள். இணைந்த பிறகு எல்லா நிலத்துக்கும் ஒரே வரி. டன்மோரின் புதுக் கட்டடக் கடனை இனி ஹோலுப்காரர்களும் சேர்ந்து கட்ட வேண்டும். வரிச் சீட்டு வந்தபோது, தங்கள் கூரைக்குக் கேட்டதைவிட அது அதிகமாக இருந்தது. காபி மேசையில் ஒரு வாரம் பெரிய கூச்சல். யார் இதைச் செய்தது என்று கேட்டார்கள். வாரியம் என்றார்கள், அரசாங்கம் என்றார்கள், டன்மோர்க்காரனின் சூழ்ச்சி என்றார்கள். ஒருவன் லிப்பி என்றுகூடச் சொன்னான். சும்மா இருந்தவர்களைப் பிப்ரவரி என்று சொல்லிச் சீண்டியது அவள்தானாம். அதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் அவளுக்கு அது கடைசி வரை ஆறவில்லை.

லூமிர் மட்டும் கூச்சல் போடவில்லை. "கட்டுறேன், என்ன இப்போ. ஒரு கையால வரியா கட்டுறேன், மறு கையால வட்டியா வாங்குறேன்" என்றான்.

காலிக் கட்டடத்தை ஏலத்துக்கு விட்டார்கள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. லூமிர் ஒரு பழைய டிராக்டரின் விலைக்கு அதை வாங்கினான். அரங்கின் தெருப் பக்கத்துச் சுவரை இடித்து, பெரிய இரும்புக் கதவு போட்டான். கேரவன் வண்டி உள்ளே போய் மரத் தரை மேல், கூடைக்குக் கீழே நின்றது. அடுத்த மாதமே ஆட்கள் வந்து அரங்கின் கூரை மேல் ஏறினார்கள். பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பளபளவென்று தகரக் கூரை போட்டார்கள். லிப்பி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலியில் இருந்த பெண், "பாவம் உன் அண்ணன், எவ்வளவு செலவு பண்றான் அந்தக் கட்டடத்துக்கு!" என்றாள். சூடான சுருள் கம்பியால் லிப்பி அவள் காதைக் கொஞ்சம் சுட்டுவிட்டாள். கை தவறிவிட்டது என்றாள்.

முடி வெட்டிக்கொள்ள வந்தபோது லூமிரிடம் கேட்டாள். "கூரை போட்டுட்டியே."

"பின்ன? வண்டி நனையுமே."

அவன் தலையை அவள் வாழ்நாள் முழுவதும் காசு வாங்காமல் வெட்டி வந்தவள். அன்றும் வாங்கவில்லை. பின்னந்தலையில் மட்டும், கழுத்துக்கு மேலே, முடியின் கோட்டை ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கி, தெளிவாகக் கோணலாக வெட்டினாள். பின்பக்கம் காட்டும் கைக்கண்ணாடியை இழுப்பறையில் வைத்துவிட்டாள். லூமிர் முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தேவாலயத்தில் அவனுக்குப் பின் வரிசையில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வோண்ட்ராசெக் தலையே கோணல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். லிப்பிக்கு வயதாகிறது, கை நடுங்குகிறது என்றும் சொன்னார்கள். ஆர்வில்லா பார்த்திருப்பாள். அவளும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இறங்காத தெருவைப் பார்த்துக்கொண்டு லிப்பி இன்னும் பல வருஷம் சுருள் போட்டாள். காலையில் டன்மோர் பஸ் வந்து மூலையில் நின்று, இருக்கிற சிலரை அள்ளிக்கொண்டு போகும். வருஷத்துக்கு வருஷம் அது நிற்கும் நேரம் குறைந்தது. ராண்டல் ஸ்லாமா குடும்பத்தோடு டன்மோருக்கே குடிபோனான். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு நல்லது என்றான்.

புற்றுநோய் வந்து படுத்தபோது டோர்லாதான் பார்த்துக்கொண்டாள். லிப்பி அதிகமாக எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைச் சொன்னாள். "என் அடக்கத்தன்னிக்குச் சாப்பாட்டை அந்த அரங்குல போட விடாதே டோர்லா. ஊர்ச் சங்கக் கட்டடத்துல போடு. அதுவும் இல்லேன்னா தெருவுல போடு."

"விடமாட்டேன்டி."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆனால் சங்கக் கட்டடமும் ஒழுகிக்கொண்டிருந்தது. சரி செய்யச் சந்தாவைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று கேட்டதற்கு உறுப்பினர்கள் கை தூக்க மறுத்துவிட்டார்கள். அடக்கத்தன்று மழை கொட்டியது. கல்லறையில் குடை பிடித்து நின்றபோதே லூமிர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான்: "எல்லாரும் அரங்குக்கு வாங்க. வண்டியை வெளியில எடுத்துட்டேன். என் தங்கச்சிக்காக." எல்லோரும் நெகிழ்ந்து போனார்கள். டோர்லா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். "அவளுக்கு இது பிடிக்காது, வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றாள்.

"அவளுக்குத் தெரியவா போகுது டோர்லா? மழையைப் பாரு" என்றார்கள்.

டோர்லா உள்ளே போகவில்லை. காரைத் தெருவின் எதிர்ப்பக்கம், பூட்டிக் கிடந்த பார்லரின் வாசலில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தானே சுட்டு எடுத்து வந்திருந்த கொலாச்சித் தட்டு பக்கத்து இருக்கையில் இருந்தது. அதை அவள் உள்ளே அனுப்பவில்லை. ஒன்றை எடுத்து மெதுவாகத் தின்றாள். கண்ணாடியைத் துடைக்கும் கம்பி போய் வந்து, போய் வந்து, அரங்கின் இரும்புக் கதவைக் காட்டியது. உள்ளேயிருந்து வெளிச்சமும் பேச்சும் சிரிப்பும் வந்தன.

லூமிர் வெளியே வந்தான். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, மழையில் நிற்கிற கேரவன் வண்டியைச் சுற்றி நடந்து, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். அவன் முதுகு டோர்லாவின் பக்கம் திரும்பியது. நனைந்த நரைமுடி தலையோடு ஒட்டியிருந்தது. கழுத்துக்கு மேலே அந்தக் கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து போயிற்று. மூன்று வாரத்துக்கு முன்பு, நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு லிப்பி வெட்டியது.

டோர்லா துடைப்பானை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதத்தில் அது வளர்ந்து மறைந்துவிடும்.